திரும்பிச் செல்லும் இரத்தம்

புதுச்சேரியில் பிரெஞ்சு அரசு மருத்துவப் பள்ளியைத் தொடங்கிய ஆண்டு 1823. மூளையின் இரத்த ஓட்டம் பற்றிய மூன்று முக்கியமான செய்திகள் அடுத்த ஐந்தாண்டுகளுக்குள் ஐரோப்பாவில் அச்சேறின. ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தில் அறுவை மருத்துவராக இருந்த ஜார்ஜ் கெல்லி, கடுங்குளிரில் இறந்துகிடந்த இருவரின் உடல்களை அறுத்துப் பார்த்து எழுதிய ஆய்வு 1824இல் வந்தது. மூடிய மண்டையோட்டுக்குள் இரத்தம் தன் விருப்பத்துக்குக் கூடவோ குறையவோ முடியாது என்று அது வாதிட்டது. மறு ஆண்டு பாரிஸில் பிரான்சுவா ரீப், தலைவலியும் வலிப்பும் பிதற்றலுமாக இறந்த 45 வயது ஆணின் மூளை உச்சியில் ஓடும் பெருஞ்சிரைத் தடம் உறைந்த இரத்தத்தால் அடைபட்டிருந்ததை விவரித்தார். 1828இல் எடின்பரோவின் ஜான் அபர்குரோம்பி, பிரசவமாகி இரண்டு வாரத்தில் தலைவலியோடும் வலிப்போடும் இறந்த 24 வயதுப் பெண்ணிடம் அதே அடைப்பைக் கண்டு எழுதினார். இந்த மூன்றையும் சேர்த்து வாசித்தால், மூளைக்குள் போகும் இரத்தத்தைப் போலவே மூளையை விட்டு வெளியேறும் இரத்தமும் உயிர்காக்கும் விஷயம் என்பது இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது விளங்கும். ஆனாலும் பக்கவாதம் என்றால் தமனி அடைப்பு, அதற்கு முதுமையும் சர்க்கரையும் இரத்தக்கொதிப்பும் காரணம் என்ற அளவிலேயே நம் பொதுப்பேச்சு நின்றுவிட்டது. புதுச்சேரியும் அதைச் சூழ்ந்த கடலூர், விழுப்புரம் வட்டாரமும் அப்படி நின்றுவிடக் கூடாத இடங்கள். இங்கே சிரை அடைப்பு தாக்குவது பெரும்பாலும் இளையவர்களை. அதற்குத் தூண்டுதலாகும் காரணங்களில் பல தடுக்கக்கூடியவை. காலத்தில் கண்டுகொண்டால் பெரும்பாலோர் முழுமையாகத் தேறுகிறார்கள். இந்த மூன்றும் ஒருசேர உண்மையாக இருக்கும் மூளை நோய்கள் அதிகமில்லை.

முதலில் உள்ளே போகும் வழியைப் பார்ப்போம். வளர்ந்த மனிதரின் மூளை ஏறக்குறைய 1,400 கிராம், உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு. ஓய்வாக இருக்கும்போது இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் சுமார் 15 சதவீதத்தை, அதாவது நிமிடத்துக்கு முக்கால் லிட்டரை, இந்தச் சிறிய உறுப்பு எடுத்துக்கொள்கிறது. உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கு இதற்கே போகிறது. கழுத்தின் முன்புறம் இரண்டு உட்கழுத்துத் தமனிகளும் முதுகெலும்பை ஒட்டி ஏறும் இரண்டு முள்ளெலும்புத் தமனிகளும் இந்த இரத்தத்தைக் கொண்டுவருகின்றன. மூளையின் அடிப்பகுதியில் அவை ஒன்றோடொன்று கைகோத்து வளையமாகின்றன. 1664இல் தாமஸ் வில்லிஸ் விவரித்து, கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் படம் வரைந்து கொடுத்ததால் இது வில்லிஸ் வளையம் என்றே பெயர் பெற்றது. ஒரு பக்கத் தமனி அடைத்தாலும் மறுபக்கத்திலிருந்து இரத்தம் வர இந்த வளையம் வழி தரும் என்பது பாடநூல் சொல்லும் செய்தி. ஆனால் பாடநூல் படத்தில் இருப்பதுபோல் எல்லாக் கண்ணிகளும் முழுமையாக அமைந்த வளையம் மக்களில் பாதிப் பேருக்குக்கூட இருப்பதில்லை. வளையத்தைத் தாண்டியபின் ஒவ்வொரு தமனிக்கும் தனக்கென ஓர் எல்லை உண்டு. நடுமூளைத் தமனி அடைத்தால் முகமும் கையும் ஒரு பக்கமாகச் செயலிழக்கும், இடப்பக்கமானால் பேச்சும் போகும். இந்தத் துல்லியத்தால்தான் நோயாளியைப் பார்த்தவுடனே எந்தத் தமனி என்று நரம்பியல் மருத்துவரால் சொல்ல முடிகிறது. மருத்துவக் கல்வி தமனிகளின் மீது காதல் கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தமனி நோய் தர்க்கத்துக்குக் கட்டுப்படும். சிரை நோய் அப்படிக் கட்டுப்படாது.

வெளியேறும் வழியின் அமைப்பே வேறு. கையிலும் காலிலும் தமனியும் சிரையும் சோடியாக ஓடுகின்றன. மூளையில் அவை தனித்தனி வழிகளில் செல்கின்றன. மூளைச் சிரைகளின் சுவர் மெல்லியது. அதில் தசைநார் இல்லை எனலாம், இரத்தம் பின்னோக்கி வராமல் தடுக்கும் தடுக்கிதழ்களும் இல்லை. மேற்பரப்புச் சிரைகள் மேல்நோக்கி ஏறி, மூளையைப் போர்த்திய தடித்த உறையின் இரு அடுக்குகளுக்கு இடையே நெற்றியிலிருந்து பிடரி வரை நடுக்கோட்டில் செல்லும் பெருந்தடத்தில் கலக்கின்றன. இத்தகைய தடங்களுக்குச் சைனஸ் என்று பெயர். மூக்கை ஒட்டிய காற்றறைகளையும் அதே பெயரால் அழைத்தாலும் இவை வேறு. மூளையின் ஆழத்திலிருந்து வரும் இரத்தம் கேலனின் சிரை வழியாக நேர்ச் சைனஸை அடைந்து, பிடரிக்குள் எல்லாத் தடங்களும் கூடும் சந்திக்கு வருகிறது. பண்டைய அலெக்சாந்திரியாவின் மருத்துவர் ஹெரோஃபிலஸ் பெயரை அந்தச் சந்தி இன்றும் தாங்கி நிற்கிறது. அங்கிருந்து இருபுறமும் பிரிந்து, காதுக்குப் பின்னால் வளைந்து, கழுத்துச் சிரையில் இறங்குகிறது. பலருக்கு வலப்பக்கத் தடமே பெரியது. இடப்பக்கத் தடம் பிறவியிலேயே மெலிந்திருப்பது சாதாரணம். ஸ்கேனில் அதைப் பார்ப்பவருக்கு இது அடைப்பா, இயல்பான மெலிவா என்ற குழப்பம் வருவதும் சாதாரணம். மேற்பரப்பின் பெரிய இணைப்புச் சிரைகள் இரண்டில் ஒன்று 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மருத்துவர் பாலின் ட்ரோலாரின் பெயரையும், இன்னொன்று சார்ல் லாபேயின் பெயரையும் பெற்றன. ட்ரோலார் பணியாற்றியது பாரிஸில் அல்ல, பிரெஞ்சுக் குடியேற்ற நாடான அல்ஜீரியாவில். புதுச்சேரியைப் போலவே பேரரசின் ஓரத்தில் இருந்த ஊர்களிலும் உடற்கூற்று அறிவு வளர்ந்தது என்பதற்காக அதைக் குறிப்பிடுகிறேன்.

அந்த உச்சித் தடத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. மூளையைச் சுற்றியும் அதன் அறைகளுக்குள்ளும் நிரம்பியிருக்கும் மூளைத் தண்டுவட நீரில் பெரும்பகுதி, தடத்தின் சுவரில் உள்ள சிறு முண்டுகள் வழியாக இரத்தத்தில் வடிகிறது. ஆகவே அந்தத் தடம் அடைத்தால் இரத்தமும் தேங்கும், நீரும் தேங்கும். மண்டையோடு விரியாது. அதற்குள் மூளை, இரத்தம், நீர் ஆகிய மூன்றும் பங்கிட்டுக்கொள்ளும் இடம் மாறாதது. ஒன்று கூடினால் மற்றொன்று குறைந்தாக வேண்டும். 1783இல் அலெக்சாண்டர் மன்றோ தொடங்கி 1824இல் கெல்லி வலுப்படுத்திய கருத்தின் சாரம் இதுதான். தமனி அடைத்தால் அதற்குரிய திசு பட்டினி கிடந்து சில நிமிடங்களிலேயே சாகத் தொடங்குகிறது. சிரை அடைத்தால் தமனி வழியாக இரத்தம் வந்துகொண்டேதான் இருக்கிறது. போக வழியில்லாமல் பின்னழுத்தம் ஏறுகிறது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரி கண்டதும் இதைப் போன்றதே: வாய்க்கால்கள் விழுங்க முடியாத அளவு மழைநீர் தெருக்களில் ஏறி வீடுகளுக்குள் புகுந்தது. மூளையில் அந்தப் பின்னழுத்தம் நுண்குழாய்களை எட்டும்போது அவற்றின் சுவர் கசிந்து திசு வீங்குகிறது. மேலும் ஏறினால் நுண்குழாய் வெடித்து இரத்தம் கசிகிறது. கடைசியில் உள்ளழுத்தத்தை எதிர்த்துத் தமனி இரத்தமே நுழைய முடியாமல் போகிறது. அடைப்பும் கசிவும் ஒரே நோயாளியிடம், ஒரே காரணத்தால், ஒரே நேரத்தில் நிகழும் இந்த நிலை மருத்துவர்களை நீண்டகாலம் குழப்பியது. பின்னால் அதற்குத் திரும்ப வருகிறேன்.

மூளைச் சிரைகளுக்கு இடையே இணைப்புகள் ஏராளம். ஒரு வழி மூடினால் இரத்தம் வேறு வழி தேடுகிறது. அதனால் நோய் மெதுவாக வளர்கிறது, அதன் முகமும் மாறிக்கொண்டே இருக்கிறது. 1998 முதல் 2001 வரை 21 நாடுகளில் 624 நோயாளிகளைத் தொடர்ந்த பன்னாட்டு ஆய்வை ஜோசே ஃபெர்ரோவும் உடனாளர்களும் 2004இல் வெளியிட்டார்கள். அதில் பத்துக்கு ஒன்பது பேருக்குத் தலைவலி இருந்தது, பத்தில் நான்கு பேருக்கு வலிப்பு வந்திருந்தது. அறிகுறி தொடங்கியதற்கும் நோய் கண்டறியப்பட்டதற்கும் இடைப்பட்ட காலம் நடுத்தரமாக ஏழு நாள். நான்கில் மூன்று பேர் பெண்கள். இதைப் பக்கவாதம் பற்றி நாம் மக்களுக்குச் சொல்லித்தரும் பாடத்தோடு ஒப்பிட வேண்டும். முகம் கோணுகிறதா, கை தூக்க முடிகிறதா, பேச்சு குழறுகிறதா, நாலரை மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்கு ஓடுங்கள் என்று மருத்துவமனைச் சுவர்களில் ஒட்டியிருக்கிறது. அது தேவையான பாடம், அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அது முழுவதும் தமனிக்கான பாடம். ஐந்து நாளாக ஏறிக்கொண்டே போகும் தலைவலியும் மங்கும் பார்வையுமாக இருக்கும் இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு அந்தச் சுவரொட்டியில் இடமில்லை. அவள் முகம் கோணவில்லை, கை விழவில்லை. தைலம் தேய்த்துப் படுத்துக்கொள்கிறாள்.

அந்தப் பெண் அண்மையில் பிரசவித்தவளாக இருந்தால் ஆபத்து பல மடங்கு. தமிழ்நாட்டு மருத்துவம் இதைத் தன் கண்ணால் கண்டு எழுதியிருக்கிறது. மதுரையில் பணியாற்றிய நரம்பியல் மருத்துவர் கே. சீனிவாசன், கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் மூளையின் சிரைகளிலோ தமனிகளிலோ இரத்தம் உறைந்த 135 பெண்களின் விவரங்களை 1983இல் பன்னாட்டு ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டார். மேலை நாட்டு மருத்துவர்கள் வாழ்நாளில் ஒன்றிரண்டு பேரைப் பார்த்திருக்கக்கூடிய நோயில் ஒரே நகரத்திலிருந்து அத்தனை பேர் வந்தது உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. பெங்களூரு நிம்ஹான்ஸில் டி. நாகராஜாவும் உடனாளர்களும் அதே நோயைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். காரணம் தேடியபோது வெளிப்பட்டது ஒரு கூட்டுச் சூழல்: வீட்டுப் பிரசவமும் அதில் தொற்றும், இரத்தசோகை, பிரசவ இரத்தப்போக்கு, பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் குடிக்கக் கொடுத்தால் வயிறு ஊதும், சீழ் கோக்கும் என்று சொல்லி நாக்கை நனைக்கும் அளவுக்கே கொடுக்கும் வழக்கம், நாள்கணக்காகக் கட்டிலை விட்டு இறங்கவிடாத ஓய்வு.

இங்கே ஓர் எதிர்வாதத்துக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். பிரசவப் பத்தியத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது. அதற்கான நேரடிச் சான்று எங்கே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. எந்த நாட்டிலும் எந்த உணவு உண்டாலும் கர்ப்பிணியின் இரத்தம் உறையும் தன்மை கூடிய இரத்தமே. ஃபைப்ரினோஜனும் பல உறைதல் காரணிகளும் உயர்கின்றன, உறைதலைக் கட்டுப்படுத்தும் புரதம் எஸ் குறைகிறது. பிரசவத்தில் தாய் இரத்தம் கொட்டிச் சாகாமலிருக்க இயற்கை செய்துவைத்த ஏற்பாடு அது. பிரசவம் முடிந்து ஆறு வாரம் வரை, குறிப்பாக முதல் சில வாரங்களில், அதன் விலையைத் தாய் செலுத்தக்கூடும். 1828இன் எடின்பரோப் பெண்ணுக்கு நம் பத்தியம் தெரியாது. ஆகவே பத்தியம்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே உறையத் தயாராக இருக்கும் இரத்தத்தை நீரிழப்பு மேலும் கெட்டிப்படுத்துகிறது என்ற அளவில்தான் சொல்லலாம். சித்திரை வெயிலில் பாலூட்டும் தாய் இயல்பாகவே நிறைய நீரை இழக்கிறாள். குடிப்பதையும் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய ஆய்வு தேவையில்லை. காரணத்தின் சரியான பங்கு எவ்வளவு என்று அளக்கும்வரை காத்திருக்க அவசியமும் இல்லை. பிரசவித்தவளுக்கு வேண்டிய மட்டும் தண்ணீர் கொடுப்பதால் யாருக்கும் தீங்கில்லை. காயமும் சுக்கும் சேர்த்த பிரசவ மருந்தையோ பூண்டுக் குழம்பையோ நான் குறைசொல்ல வரவில்லை. தடுக்க வேண்டியது தாகத்தைத் தடுக்கும் வழக்கத்தை மட்டுமே.

வீட்டுப் பிரசவம் இன்று கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. புதுச்சேரியில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில்தான். கோரிமேட்டு ஜிப்மருக்கும் எல்லைப்பிள்ளைச்சாவடி அரசு மகளிர் மருத்துவமனைக்கும் ஒன்றியப் பிரதேச எல்லையைத் தாண்டியும் தாய்மார்கள் வருகிறார்கள். தொற்று குறைந்தது பெரிய வெற்றி. ஆனால் மருத்துவமனைப் பிரசவம் தனக்கே உரிய ஒரு மறைப்பையும் கொண்டுவந்திருக்கிறது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 பிரசவங்கள் சிசேரியன். அவற்றில் மிகப் பெரும்பாலானவை முதுகில் மயக்க ஊசி போட்டுச் செய்யப்படுபவை. அந்த ஊசி போட்ட துளையில் நீர் கசிந்து சிலருக்குத் தலைவலி வரும். எழுந்து உட்கார்ந்தால் கூடும், படுத்தால் தணியும், சில நாளில் போய்விடும். இந்த அனுபவம் எல்லோருக்கும் பழகிப்போனதால், சிசேரியன் ஆன பெண் தலைவலி என்றதும் வீட்டார் மட்டுமல்ல, செவிலியர்களும் சில வேளை மருத்துவர்களும்கூட, முதுகு ஊசித் தலைவலி என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். சிரை அடைப்பின் தலைவலி பெரும்பாலும் நேர்மாறாக நடந்துகொள்ளும். படுத்தால் கூடும், விடியற்காலையில் மோசமாக இருக்கும், இருமினாலும் முக்கினாலும் பிளக்கும், நாளுக்கு நாள் ஏறும். உட்கார்ந்தால் கூடிய தலைவலி படுத்தாலும் தீராத தலைவலியாக மாறும் நாளே கவனிக்க வேண்டிய நாள்.

வலிப்பு வந்தால் இன்னொரு மறைப்பு. பிரசவத்தை ஒட்டி வலிப்பு வந்தால் ஜன்னி என்பது ஊரறிந்த முடிவு, மருத்துவரும் முதலில் அதையே நினைக்க வேண்டும். இரத்தக்கொதிப்பால் வரும் அந்தக் கர்ப்ப வலிப்பு அதிகம் காணப்படுவது, உயிர்பறிப்பது. மெக்னீசியம் சல்ஃபேட் ஊசி அதற்கு உயிர்காப்பது. அந்த முதல் சிந்தனை தவறல்ல, அதோடு நின்றுவிடுவதுதான் தவறு. பிரசவமாகி இரண்டு நாள் கடந்து, இரத்தக்கொதிப்பு இயல்பாகவும் சிறுநீரில் புரதம் இல்லாமலும் இருக்கும் பெண்ணுக்கு, அதிலும் உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் வலிப்பு வந்தால், சிரையைப் பார்க்காமல் விடக் கூடாது. வெறும் சி.டி. ஸ்கேன் இதற்குப் போதாது. சிரை அடைத்தவர்களிலும் கணிசமானவர்களுக்கு அது இயல்பாகத் தெரியும். நாளத்தில் மருந்து செலுத்தியோ எம்.ஆர்.ஐ. மூலமோ சிரைகளையே படமெடுக்க வேண்டும். ‘ஸ்கேன் எடுத்தோம், ஒன்றும் இல்லை என்றார்கள்’ என்று குடும்பங்கள் நிம்மதியடையும் இடத்தில் எத்தனை நாள்கள் வீணாகின்றன என்பதை நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

இது முழுக்கப் பெண்களின் நோய் என்று எண்ணிவிடவும் கூடாது. ஹைதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனம் 428 நோயாளிகளின் பதிவேட்டை 2012இல் வெளியிட்டபோது அதில் ஆண்களே பாதிக்கு மேல். பிரசவத்துக்குப் பின் வந்தது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மட்டுமே. இரத்தசோகை, இரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் மிகுதி, மதுப்பழக்கம், கருத்தடை மாத்திரை ஆகியவை பிரசவத்தை முந்திக்கொண்டு நின்றன. மதுரைப் பட்டியலுக்கும் ஹைதராபாத் பட்டியலுக்கும் இடையே முப்பதாண்டு இடைவெளி. இரண்டையும் நேராக ஒப்பிடுவதில் ஆபத்து உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். மதுரைப் பட்டியல் கர்ப்பிணிகளையும் பிரசவித்தவர்களையும் மட்டுமே கொண்டது. பெரிய மருத்துவமனைக்கு யார் அனுப்பப்படுகிறார்கள் என்பது ஊருக்கு ஊர் வேறு. முன்பு பிணப் பரிசோதனையிலோ ஊகத்திலோ மட்டும் தெரிந்த நோயை எம்.ஆர்.ஐ. இப்போது இலேசான நிலையிலேயே காட்டிவிடுகிறது. ஆனாலும் பிரசவத்தின் பங்கு இவ்வளவு சிறியதாக இருப்பதும் மற்றக் காரணங்கள் முன்னே நிற்பதும் ஒன்றைத் தெளிவாக்குகின்றன. இந்த நோயின் உருவம் பிறப்பால் விதிக்கப்பட்டதன்று. மக்கள் வாழும் முறையோடு சேர்ந்து மாறுகிறது.

புதுச்சேரிக்கு இதில் தனிப்பொறுப்பு இருக்கிறது. தமிழ்நாட்டைவிட மது மலிவாகக் கிடைக்கும் ஊர் என்ற பெயரும், தமிழ்நாட்டில் மூடப்பட்ட பிறகும் உரிமத்தோடு தொடர்ந்த சாராயக்கடைகளும் கள்ளுக்கடைகளும், பிரெஞ்சுக் காலத்திலிருந்து வந்த வரி வழக்கத்தின் தொடர்ச்சி. மது, சிறுநீரை அடக்கிவைக்கும் இயக்குநீரைத் தடுத்து உடலின் நீரை வெளியேற்றுகிறது. தொடர்ந்து குடிப்பவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. ஃபோலிக் அமிலமும் பி12உம் குறைந்து ஹோமோசிஸ்டீன் ஏறுகிறது. அது நாளத்தின் உட்சுவரைப் பழுதாக்கி உறைவுக்கு வழிசெய்கிறது. வெயிலில் கட்டட வேலையோ மீன்பிடி வேலையோ செய்துவிட்டு மாலையில் குடிக்கும் முப்பது வயதுக்காரருக்கு இந்த எல்லாமே ஒன்றுசேர்கின்றன. அவருக்கு வலிப்பு வந்தால் ‘குடியை நிறுத்தியதால் வந்த வலிப்பு’ என்று சொல்லி அனுப்பிவிடுவது, பெண்ணுக்கு ஜன்னி என்று சொல்வதைப் போன்ற அதே பிழை. பெண்களிடம் இன்னொரு பழக்கமும் பெருகியிருக்கிறது. கல்யாணம், கோயில், யாத்திரை என்று மாதவிலக்கைத் தள்ளிப்போட மருந்துக்கடையில் வாங்கி விழுங்கும் நோரெதிஸ்டிரோன் மாத்திரை. அதிக அளவில் எடுக்கும்போது அதன் ஒரு சிறு பகுதி உடலில் ஈஸ்ட்ரோஜன் வகை மருந்தாக மாறுகிறது. அதை உண்ட சில நாளிலேயே மூளைச் சிரை அடைத்த பெண்களைப் பற்றி இந்திய மருத்துவமனைகள் தொடர்ந்து எழுதிவருகின்றன. மருத்துவர் சீட்டில்லாமல் அந்த மாத்திரையை விற்பது நிற்க வேண்டும்.

வலுவான எதிர்வாதம் இன்னொன்று உண்டு. மொத்தப் பக்கவாதங்களில் சிரை அடைப்பு நூற்றுக்கு ஒன்று இருக்கலாம். நெதர்லாந்தில் பத்து இலட்சம் பேருக்கு ஆண்டுக்குச் சுமார் 13 பேர் என்று 2012இல் கணக்கிட்டார்கள். எஞ்சிய தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு இந்த ஒன்றுக்காகப் பேசுவது பொதுச் சுகாதாரப் பணத்தைச் சிதறடிப்பதாகாதா? பிரசவித்த பெண்களில் பலருக்குத் தலைவலி வருகிறது, எல்லோரையும் எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பினால் ஜிப்மர் தாங்குமா? எண்ணிக்கையைப் பொறுத்தவரை இந்த வாதம் சரி. ஆனால் அதே நெதர்லாந்துக் கணக்கு, அதற்கு முன் நிலவிய மதிப்பீட்டைப்போல மூன்று மடங்குக்கு மேல். தேடத் தொடங்கியதும் எண்ணிக்கை உயர்ந்தது என்பதே அதன் பொருள். மேலும், நோயின் கனத்தை எண்ணிக்கை மட்டும் சொல்லாது. எழுபது வயதில் வருவதும் இருபத்தைந்தில் வருவதும் இழக்கும் ஆண்டுகளில் ஒன்றல்ல. கைக்குழந்தையை விட்டுச் சாகும் தாயின் இழப்பு இரண்டு உயிர்களைத் தொடுகிறது. எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. என்று யாரும் கேட்கவும் இல்லை. புதிதாக வந்து, மூன்று நாளுக்கு மேல் நீடித்து, ஏறிக்கொண்டே போய், அதோடு வாந்தி, பார்வை மங்கல், இரட்டையாகத் தெரிதல், வலிப்பு, கைகால் தளர்ச்சி, குழப்பம் இவற்றில் ஏதேனும் சேர்ந்த தலைவலி என்று சல்லடையை இறுக்கினால் வடிகட்டி வருபவர்கள் சிலரே. கண்ணின் உள்ளே விளக்கடித்து நரம்புத் தலை வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு எம்.ஆர்.ஐ. தேவையில்லை, ஒரு கருவியும் பழகிய கண்ணும் போதும்.

கண்டுபிடித்தால் செய்ய ஏதும் இல்லை என்றால் இந்த வாதம் முழுவதும் வீண். ஆனால் செய்ய நிறைய இருக்கிறது, அதன் வரலாறே ஒரு படிப்பினை. மூளைக்குள் இரத்தம் கசிந்திருக்கும்போது உறைவெதிர் மருந்து கொடுப்பதா என்று மருத்துவர்கள் தலைமுறைகளாக அஞ்சினார்கள். ஜெர்மனியின் கார்ல் ஐன்ஹாய்ப்பல் குழு 1991இல் வெளியிட்ட சோதனை அந்த அச்சத்தை உடைத்தது. ஹெப்பாரின் என்ற உறைவெதிர் மருந்தைப் பெற்ற பத்துப் பேரில் எட்டுப் பேர் முழுமையாகத் தேறினார்கள், யாரும் இறக்கவில்லை. பெறாத பத்துப் பேரில் மூன்று பேர் இறந்தார்கள், ஒருவரே முழுமையாகத் தேறினார். மேலும் நோயாளிகளைச் சேர்ப்பது அறமாகாது என்று இருபதோடு சோதனை நிறுத்தப்பட்டது. அதே குழுவின் பழைய பதிவுகளில், மூளையில் கசிவு இருந்தும் ஹெப்பாரின் பெற்ற 27 பேரில் நான்கு பேர் இறந்திருந்தார்கள். கசிவு இருந்து மருந்து பெறாத 13 பேரில் ஒன்பது பேர். இருபது பேர் கொண்ட சோதனை சிறியது என்ற விமரிசனம் அன்றும் எழுந்தது, அது தவறல்ல. ஆனால் பின்னர் வந்த டச்சுச் சோதனையும், பிரசவத்துக்குப் பிந்தைய 57 பெண்களிடம் நாகராஜா குழு செய்த சோதனையும் அதே திசையைக் காட்டின. ஏன் இப்படி என்பதற்கு விடை உடற்கூற்றில் இருக்கிறது. கசிவுக்குக் காரணம் பின்னழுத்தம், பின்னழுத்தத்துக்குக் காரணம் அடைப்பு. உறைவு மேலும் வளராமல் நின்று இணைவழிகள் திறந்துகொள்ளும்போது அழுத்தம் இறங்குகிறது, கசிவும் நிற்கிறது. வடிகாலைப் புரிந்துகொள்ளாதவருக்கு இந்த மருத்துவம் நெருப்புக்கு எண்ணெய் ஊற்றுவதாகவே தெரியும்.

மருந்தை மீறி வீக்கம் ஏறி, நினைவு தப்பி, கண்பாவை விரியும் நிலைக்குப் போனவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது: மண்டையோட்டின் ஒரு பகுதியைத் தற்காலிகமாக எடுத்துவிடுவது. கெல்லி சொன்ன மாறாத கொள்ளளவை அறுவை மருத்துவர் கையால் மாற்றிவிடுகிறார். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் சஞ்சித் ஆரோன் முதலாசிரியராக 2024இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வில் 10 நாடுகளைச் சேர்ந்த 118 பேருக்கு இது செய்யப்பட்டது. பாதிக்கு மேற்பட்டோர் அறுவைக்கு முன் ஆழ்மயக்கத்தில் இருந்தவர்கள். இறந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். ஆனால் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஓராண்டு கழித்துத் தம் காரியங்களைத் தாமே பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வந்திருந்தார். தமனி அடைப்பில் செத்த திசு திரும்பாது. சிரை அடைப்பில் வீங்கிக் கிடக்கும் திசுவில் பெரும்பகுதி இன்னும் சாகவில்லை என்பதால்தான் இது சாத்தியமாகிறது. புதுச்சேரியிலிருந்து வேலூர் மூன்று, நாலு மணி நேரப் பயணம். இந்த நோயின் கடுமையான கட்டத்தைப் பற்றி உலகம் தமிழ்நாட்டிடமிருந்து கற்றுக்கொண்டிருக்கும்போது, அதன் தொடக்கக் கட்டத்தை நம் வீடுகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் அறியாமலிருப்பது பொறுத்துக்கொள்ள முடியாத இடைவெளி.

அதை நிரப்பப் புதிய கட்டடமோ கருவியோ வேண்டாம். பிரசவித்த தாய் வீட்டுக்குப் போகும்போது கொடுக்கும் சீட்டில் தடுப்பூசித் தேதிகளோடு ஆறு வாரத்துக்கான தலைவலி எச்சரிக்கையை நாலு வரியில் தமிழில் அச்சிடலாம். வீட்டுக்கு வந்து பார்க்கும் கிராமச் சுகாதாரச் செவிலியர், தையல் ஆறியதா, பால் சுரக்கிறதா என்பதோடு தலைவலி உண்டா, படுத்தால் கூடுகிறதா, எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாய் என்றும் கேட்கலாம். புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இரத்தசோகை இருக்கிறது. கர்ப்பத்திலேயே அதைச் சரிசெய்வது இந்த நோய்க்கும் சேர்த்தே தடுப்பு. ஒருமுறை வந்து தேறியவர்கள் பெரும்பாலும் மூன்று முதல் பன்னிரண்டு மாதம் உறைவெதிர் மாத்திரை எடுக்க வேண்டியிருக்கும். பழைய உறைவெதிர் மாத்திரையான வார்ஃபரினோடு ஒப்பிட்டுப் புதிய மாத்திரை ஒன்றை 120 பேரிடம் சோதித்த 2019ஆம் ஆண்டு ஆய்வுக்குப் பிறகு, அடிக்கடி இரத்தப் பரிசோதனை தேவைப்படாத மருந்துகளும் வழக்கத்துக்கு வந்துவிட்டன. இனி குழந்தையே வேண்டாம் என்று அந்தப் பெண்களிடம் குடும்பத்தார் சொல்வதுண்டு. அதற்கு அவசியமில்லை. முன்பு சொன்ன 624 பேரின் பன்னாட்டு ஆய்வில் நோய் மீண்டும் வந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான். அடுத்த கர்ப்பத்தில் மகப்பேறு மருத்துவரிடம் பழைய சீட்டைக் காட்டி, அவர் சொல்லும் அளவில் ஹெப்பாரின் ஊசியைப் பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் வரை போட்டுக்கொண்டு பெரும்பாலோர் நலமாகப் பிள்ளை பெறுகிறார்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையை மட்டும் அவர்கள் தொடக் கூடாது, காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம்.